பட்டியலில் பதினாலாவது ஆள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அனல்மின் நிலையத்துச் சிம்னிச் சாம்பல் விழாத இடமாகப் பார்த்து மொட்டைமாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஷர்மிளா போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். ஓய்வு பெற்றவனை ஆபீஸிலிருந்து கூப்பிடுவதற்கு இரண்டே காரணம்தான் இருக்கமுடியும். ஏதாவது சாவி காணாமல் போயிருக்கும், இல்லாவிட்டால் என் கையெழுத்து புரிந்திருக்காது.

“சார், நம்ம ஆளுங்க லிஸ்ட்டைப் புது சாஃப்ட்வேர்ல ஏத்திக்கிட்டிருக்கோம். அதுல பதினாலாவதுக்குப் பேரே இல்ல. லேப்ல வேலை பார்த்ததாவும் எந்த ரெக்கார்டும் இல்ல. தூக்கிடலாமா சார்?”

“ஐயோ, தொட்டுடாதேம்மா” என்று கத்தினேன். கத்திய வேகத்தில் வற்றல் தட்டு கவிழ்ந்தது. கீழே குவார்ட்டர்ஸ் வாசலில் ஜெனரல் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மகள் அண்ணாந்து பார்த்து, “அப்பா, என்ன விழுந்துச்சு?” என்றாள். ஒன்றும் விழவில்லை, வேலையைப் பார் என்றேன். ஷர்மிளாவிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். நான் இருக்கும்வரை இப்படிப் போன் செய்து கேட்பார்கள். அப்புறம் கேட்காமலே தூக்கிவிடுவார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் இந்த நெய்வேலி டவுன்ஷிப்பில்தான். விலங்கியல் படித்தேன், சுமாராகப் படித்தேன், பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முதல் பத்துப் பதினைந்து வருஷம் ரத்தம் நிரப்பிய குழாய்களைக் குலுக்கியதைத் தவிர சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. அதன்பிறகு தெய்வநாயகி மேடம் எங்களுக்குத் தலைவராக வந்தார். செத்துப் பல ஆயிரம் வருஷமான எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் பிரிவு ஒன்றைத் தொடங்கி, என்னையும் அதில் இழுத்துப் போட்டார். மீதி வருஷங்களை அவரிடம்தான் கழித்தேன். என் சம்சாரத்திடம் வாங்கியதைவிட அவரிடம் வாங்கிய திட்டு அதிகம். இருந்தும் அவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் அன்பும்தான் வருகிறது.

இந்த வேலையில் எதிரி என்று ஒருவன் உண்டென்றால் அது நாம்தான். பழைய எலும்பில் டி.என்.ஏ. துணுக்குத் துணுக்காக, ஓரமெல்லாம் நைந்துபோய்க் கிடக்கும். நாம் ஒரு தும்மல் தும்மினால் போதும், அதைவிட லட்சம் மடங்கு புதுசாக நம்முடையது போய் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே சுத்த அறைக்குள் நுழைவது என்பது பெரிய சடங்கு. காலையில் குளித்து நேராக வரவேண்டும். வேறு லேப்பில் தலையைக் காட்டிவிட்டு வந்தால் அன்றைக்கு உள்ளே இடமில்லை. இரண்டு கதவு, உடம்பை மூடிய அங்கி, முகமூடி, கைக்கு இரண்டு உறை. மேல் உறையைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டும். உள்ளே பேசக்கூடாது, சிரிக்கவே கூடாது. “சிரிச்சா எச்சில் தெறிக்கும் சுப்பையா, வெளிய போய்ச் சிரிச்சிட்டு வாங்க” என்பார் மேடம். நான் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்த நாட்களும் உண்டு.

எலும்பு என்றால் எல்லா எலும்பும் இல்லை. எங்கள் ஊர் வெக்கைக்கு டி.என்.ஏ. தாங்காது. கபாலத்துக்குள், காதுக்குப் பின்னால், புளியங்கொட்டை அளவில் ஓர் எலும்பு இருக்கிறது. உடம்பிலேயே கெட்டியானது அதுதான். அதை மெதுவாகத் துளைக்கவேண்டும். அவசரப்பட்டால் சூடேறி, மிச்சம் இருப்பதும் வெந்துபோகும். ஒரு சிட்டிகைத் திருநீறு அளவு பொடி கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். பல்லின் வேரும் உதவும், ஆனால் பல் வாயில் இருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. அதில் என்ன வேண்டுமானாலும் போகலாம். இதை அப்போது நாங்கள் போதுமான அளவு யோசிக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் எலும்புப்பொடிக் குழாய்களோடு ஒன்றுமே போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் சேர்த்து, அதற்கும் அதே மருந்து, அதே சூடு, அதே சுழற்சி எல்லாம் செய்வோம். அதில் ஏதாவது தெரிந்தால் அது எங்கள் அழுக்கு. ரிசல்ட் வந்ததும் ஊரே எலும்பைப் பார்க்கத் துடிக்கும். மேடம் மட்டும் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, “மொதல்ல ஒண்ணுமில்லாததைக் காட்டுங்க” என்பார். அது வெறுமையாக இருந்தால்தான் அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

இதற்கு மேலும் ஒரு காவல் இருந்தது. அதுதான் ஷர்மிளா சொன்ன லிஸ்ட். சுத்த அறைக்குள் போகிறவர்கள், அகழாய்வில் எலும்பைக் கையாளுகிறவர்கள் எல்லாருடைய டி.என்.ஏ.வும் வரிசை எண்ணோடு அதில் இருக்கும். எலும்பில் புது ஆள் யாராவது தெரிந்தால் முதலில் இந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்போம். மேடம் எண் ஒன்று. நான் எண் இரண்டு. மொத்தம் பதின்மூன்று பேர். பத்து வருஷத்துக்கும் முன்னால் எலும்புக் குழி ஒன்று வரும்வரை பதின்மூன்றுதான்.

குறிஞ்சிப்பாடிக்கும் குள்ளஞ்சாவடிக்கும் நடுவில், வயலோரத்தில் பம்புசெட்டு ரூமுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது மண்டையோடு ஒன்று வந்தது. அகழாய்வுக்காரர்கள் வந்து நிதானமாகத் தோண்டினார்கள். ஒரே குழியில் பதினொரு பேர். எங்கள் பக்கத்துச் செம்மண் எலும்பைத் தின்று ஏப்பம் விட்டுவிடும். இந்த இடம் சுண்ணாம்புச் சுக்கான்கல் கலந்த களிமண் என்பதால் மிஞ்சியிருந்தன. பக்கத்திலேயே அரைக்கும் கற்கள், தானியம் கொட்டிவைத்த பள்ளங்கள், தினை உமி பதிந்த பானை ஓடுகள். எழுத்தெல்லாம் வருவதற்கு முந்தைய காலத்து வெள்ளாமைக்காரர்கள். மூவாயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார்கள்.

பதினொரு பேரில் எட்டுப் பேருக்கு மண்டையின் பின்புறம் பள்ளம். எல்லாம் ஒரே மாதிரிப் பள்ளம், கல் கோடாலியின் பின்பக்கத்தால் அடித்தது. குழியில் மொத்தம் மூன்று வயசாளிகள், நாலு பெண்கள், நாலு குழந்தைகள். வாலிப வயதில் ஓர் ஆண்கூட இல்லை. நான் நேரில் போய்க் குழியின் விளிம்பில் நின்று பார்த்தேன். தப்பி ஓடும்போது அடித்திருக்கிறார்கள். ஆனால் புதைத்தவர்கள் வேறு யாரோ. ஒருவர் மேல் ஒருவராக வீசவில்லை, பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்திருந்தார்கள். குழியின் கீழ்க்கோடியில் எண் நாலு என்று சீட்டுக் குத்திய ஒரு பெண் ஒருக்களித்துக் கிடந்தாள். அவள் கை எண் ஏழின்மேல் இருந்தது. எண் ஏழு ஒரு குழந்தை. பால் பல் விழுந்து, முன்பல் பாதி முளைத்திருந்தது. வாய் திறந்திருந்தது.

தாயும் பிள்ளையும் என்று எல்லாரும் சொன்னோம். சொல்லாமல் யாரால் இருக்கமுடியும்?

டீக்கடையில் அதற்குள் வேறு பேச்சு. “சார், செத்தது எந்த ஊர்க்காரங்க, அடிச்சது எந்த ஊர்க்காரங்க? டெஸ்ட்டுல தெரிஞ்சுடுமா?” என்று ஒருவர் என் சட்டையைப் பிடிக்காத குறை. மேடம் அவரிடமே திரும்பி, “செத்தவங்க யாருக்கு யார்னு கொஞ்சம் சொல்லும். அடிச்சவங்க யாருன்னு எலும்புல எழுதியிருக்காதுங்க” என்றார். அதைக் கேட்டு அவருக்கு மிகவும் ஏமாற்றம்.

குழிக்குப் பொறுப்பாக ஓர் அதிகாரி இருந்தார். அவர் பெயர் வேண்டாம். நல்ல வேலைக்காரர், ஆனால் விசில் ஊதுவது போலவே பேசுவார். மண் அள்ளவும் சலிக்கவும் பத்துப் பேர் கான்ட்ராக்ட்டில் வந்தார்கள், ஆறு பெண்கள், நாலு ஆண்கள். முதல் நாளே சட்டம் போட்டார், வெறும் கையால் எலும்பைத் தொட்டால் அடுத்த நாள் வரவேண்டாம். ஒருவனை அப்படி அனுப்பியும் விட்டார். குழி முடிந்ததும் அங்கே கொட்டகை போட்டு, அதைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆளைப் பர்மனென்டாக வைத்துக்கொள்ளப் போவதாகவும் சொல்லியிருந்தார். நெய்வேலியைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குப் பர்மனென்ட் என்ற சொல்லைக் கேட்டால் தூங்குகிற குழந்தைகூட எழுந்து உட்காரும். அந்தப் பத்துப் பேரில் அஞ்சலை என்ற பெண்ணுக்குத்தான் அது கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மண்ணைச் சலிக்கும்போது நகக்கண் அளவு எலும்பைக்கூட அவள் கண் விடாது.

பதினொரு பேரின் எலும்பும் எங்களிடம் வந்தது. ஏழாம் எண்ணின் தாடையை மண்ணோடு அப்படியே கட்டி எடுத்து வந்திருந்தார்கள். முன்பல்லை எடுக்க மண்ணை விலக்கினேன். உள்ளே ஓர் அரிசி. இன்னொன்று. மொத்தம் ஒன்பது.

நான் சுத்த அறை என்பதை மறந்து ஆவென்று கத்திவிட்டேன். மூவாயிரம் வருஷத்து அரிசி! வெளியே ஓடிவந்து, முகமூடியோடேயே மேடத்தின் மேஜையில் அந்தச் சிறு தட்டை வைத்தேன். என் பெயர் எங்கெங்கே அச்சாகும் என்று அதற்குள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. மேடம் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். இடுக்கியால் ஓர் அரிசியைப் புரட்டினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

“சுப்பையா.”

“மேடம்.”

“இது புழுங்கல்.”

எனக்கு உடனே ஏறவில்லை.

“ரேஷன் புழுங்கல். எங்க வீட்டுல தோசைக்குப் போடறது இதான். கருகாம, உளுத்துப்போகாம இந்த வெயில்ல பழைய அரிசி எப்படி இருக்கும்? இருபது வருஷமா என்ன வேலை பார்த்தீங்க?”

அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காது மடல் சுட்டது. சாப்பாட்டு வேளையில் யாருடைய பையிலிருந்தோ சிந்தியிருக்கும் என்று எழுதி வைத்தோம். மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு, எழுதாதது நடக்கவில்லை என்பார். ஆகவே ஒன்பது அரிசியும் பதிவேட்டில் ஏறியது. சாப்பாட்டுப் பையில் சோறு இருக்கும், அரிசி எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அவமானத்தில் யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. மற்ற எண்களெல்லாம் இழுபறி. ஆறு பேரிடம் ஒன்றுமே கிடைக்கவில்லை, நாலு பேரிடம் ஏதோ கொஞ்சம். ஏழாம் எண்ணின் பல் மட்டும் கொட்டியது. கம்ப்யூட்டரில் உட்காரும் பிள்ளைகள் துள்ளினார்கள். பெண் குழந்தை, நாலாம் எண்ணுக்கு உறவே இல்லை, இன்றைக்கு இந்தப் பக்கத்தில் வாழ்கிற மக்களோடு அப்படியே ஒத்துப்போகிறது என்றார்கள். மூவாயிரம் வருஷத்து வாரிசு என்று ஒருவன் தலைப்பே வைத்துவிட்டான்.

மேடம் வெற்றுக் குழாயைக் கேட்டார். அதில் ஒன்றுமில்லை. அப்புறம் பல்லின் பக்கத்தைத் திருப்பி, துணுக்குகளின் நீளத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. என்னிடம் தள்ளினார். நானும் பார்த்தேன். துணுக்கு ஒவ்வொன்றும் முழுசாக, நீளமாக, ஓரம் நையாமல் இருந்தது. செத்தவர்களின் டி.என்.ஏ. அப்படி இருக்காது. நேற்றுக் காலை டீ குடித்த ஒருவருடையது அப்படி இருக்கும்.

பட்டியலோடு ஒத்துப் பார்த்தோம். பதின்மூன்று பேரில் யாரும் இல்லை. வெற்றுக் குழாய் சுத்தம் என்றால் லேப்பில் நடந்ததும் இல்லை. குழியிலேயே, பட்டியலில் இல்லாத மண் அள்ளுகிறவர்களில் யாரோ தொட்டிருக்கிறார்கள். அதிகாரியோ, என் ஆட்கள் தொடவில்லை, ரெஜிஸ்டரில் பாருங்கள் என்று ஒரே பிடி. அப்போதுதான் அந்த ஒன்பது அரிசி எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. நான் திருநெல்வேலி ரத்தம், வளர்ந்தது டவுன்ஷிப் பிளாக்கில். இருந்தாலும் எங்கள் அப்பா வாயில் நானே போட்டிருக்கிறேன். வாய்க்கரிசி.

“மேடம், யாரோ வாய்க்கரிசி போட்டிருக்காங்க” என்றேன். மேடம் பதிவேட்டில் அந்த ஒன்பது அரிசி ஏறிய பக்கத்தைத் திருப்பினார். பிறகு, “அந்தப் புழுங்கலுக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது” என்றார்.

அதிகாரி அனுப்பிவிட்டவனையும் சேர்த்துப் பத்துப் பேரிடமும் எச்சில் மாதிரி எடுக்க நான்தான் போனேன். எதற்கு என்று விளக்கி, சம்மதம் கேட்டு, பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறம் தடவி எடுத்தேன். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மிஷின் பத்து நாள் கழித்துத்தான் சொன்னது.

இங்கேதான் வேலை சிக்கலானது. தொட்டது யார் என்று தெரிந்தால் மட்டும் போதாது. எதை எதைத் தொட்டாள், எப்படித் தொட்டாள் என்று தெரிய வேண்டும். அதிலும் ஒரு கேள்வி மேடத்தைத் தூங்கவிடவில்லை. அந்தப் பெண்ணின் கை குழந்தைமேல் இருந்ததே, அது மூவாயிரம் வருஷமாக அங்கேதான் இருந்ததா? இல்லை, அரிசி போட்ட கையே இரக்கப்பட்டு அதையும் எடுத்து வைத்ததா? தெரியாவிட்டால் ஏழாம் எண்ணையே ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட வேண்டியதுதான். அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வரிகூட எழுதமுடியாது. இதற்கெல்லாம் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள், பதில் சொன்னால் வேலையை இழக்கப் போகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குள்ளஞ்சாவடியில் பஸ் இறங்கி அவள் வீட்டுக்குப் போனேன். தொகுப்பு வீடு, வாசலில் அவள் பையனும் பெண்ணும் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்தது. பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பினாள்.

“பேரு வெளியில போகாதும்மா. நான் பொறுப்பு” என்றேன். மேடத்தைக் கேட்காமலேதான் சொன்னேன்.

“நீங்க சொல்லுவீங்க சாரு. அந்த ஐயா வுடுவாரா?” என்றாள். சுவரில் சாய்ந்துகொண்டாள். “நம்ம வூட்ல யாராவது செத்தா, ஆளுக்கு ஒரு வாய் போட சனம் இருக்கும். அதுங்களுக்கு யாரு இருக்கறாங்க சொல்லுங்க. அன்னிக்கி ரேசன்ல அரிசி வாங்கிக்கினு நேரா வேலைக்கி வந்துட்டேன். எல்லாரும் டீக்குப் போய்ட்டாங்க. நான் தனியா நின்னுக்கினு இருந்தேன். பச்சரிசிதான் போடணும், எங்க போறது? இருந்ததைப் போட்டேன்.”

“ஏன் அந்தக் குழந்தைக்கு மட்டும்?”

“மத்ததுக்கெல்லாம் வாய் மூடிக்கினு இருந்துச்சி சாரு. அதுக்குத்தான் தொறந்துக்கினு இருந்துச்சி. வாயெல்லாம் மண்ணு.”

“மண்ணை எடுத்தீங்களா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “முந்தானையை எச்சி பண்ணித் தொடச்சேன். புள்ளைங்களுக்குத் தொடைக்கிறதில்ல? அப்பிடி.”

நான் கையிலிருந்த நோட்டை மூடினேன். மயிரிழை விரிசல் விட்ட அந்த முன்பல்லுக்குள் எது இறங்கியது, ஏன் அவ்வளவு கொட்டியது என்பதெல்லாம் அந்த ஒரே வாக்கியத்தில் விளங்கிவிட்டது. எத்தனை வருஷம் அங்கியும் உறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு இதற்குத்தானே பயந்தோம். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை.

அசட்டுத்தனமாக ஒன்று கேட்டேன். “உங்களுக்கு... குழந்தை ஏதாவது தவறிப்போச்சாம்மா?”

“எனக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுங்க. இப்பதான பார்த்தீங்க” என்று நிமிர்ந்தாள். “அதுக்குன்னு போடக் கூடாதா?”

எனக்கு நன்றாக வேண்டும்.

கடைசியாக அந்தக் கேள்வியைக் கேட்டேன். நாலாம் எண்ணின் கை.

“அது நான் வெக்கல சாரு. மண்ணைத் தள்ளச்சொல்லவே அப்பிடித்தான் இருந்துச்சி. தொடவே இல்ல. புள்ளையைப் புடிச்சிக்கினு இருக்கறாளே, அவ கையை எப்பிடிங்க தொடறது?” என்றாள். எந்தப் பக்கம் உட்கார்ந்தாள், எந்தக் கையால் துடைத்தாள், எத்தனை தடவை துடைத்தாள் எல்லாம் சொன்னாள். நான் எழுதினேன். அரிசி போட்ட அன்று காலையில் எடுத்த போட்டோவையும் மறுநாள் எடுத்ததையும் பிற்பாடு வைத்துப் பார்த்தோம். கை ஒரு நூல்கூட நகரவில்லை.

ஆய்வகத்துக்குத் திரும்பி மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், கேட்காமல் வாக்குக் கொடுத்ததையும் சொன்னேன். எழுதாதது நடக்கவில்லை என்கிறவர் அவர்.

“எழுதுங்க” என்றார். சொல்லச் சொல்ல எழுதினேன். தேதி, நேரம், புழுங்கல் அரிசி ஒன்பது, முந்தானை, எச்சில், வலது கை, மூன்று தடவை. பெயர் எழுதும் இடம் வந்தது. பேனா நின்றது.

“பட்டியல்ல கடைசி எண் என்ன?”

“பதிமூணு மேடம்.”

“அப்ப இவங்க பதினாலு. அவ்வளவுதான். நம்ம ஆள்.”

அதிகாரி இரண்டு தடவை போனிலும் ஒரு தடவை நேரிலும் பெயரைக் கேட்டார். கடைசித் தடவை நான் பக்கத்தில் இருந்தேன். மேடம் அவருக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, பதிவேட்டை விரித்து முன்னால் வைத்தார். “என்ன நடந்துச்சோ எல்லாம் இதுல இருக்கு. பேரு வேணும்னா, உங்க ரெஜிஸ்டர்ல யாரும் தொடலைன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, அதையும் நான் இதோட சேர்த்து அச்சுக்கு அனுப்பவேண்டி வரும். அனுப்பட்டுமா?” என்றார். குரல் உயரவே இல்லை. அவர் காபியைக் குடித்துவிட்டுப் போனார். நான் அன்றைக்கு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

பல் போய்விட்டது, ஆனால் ஏழாம் எண்ணுக்குக் காதெலும்பு இருந்தது. அது கபாலத்துக்குள் இருப்பது, முந்தானை எட்டாத இடம். இடது பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. வலது பக்கம் ஒன்றுதான் மிச்சம். அதைத் துளைத்த அன்று மேடம் என் பின்னால் நின்றிருந்தார். ஒரு சிட்டிகைக்கும் குறைவு. நாலு தடவை ஓட்டி, கந்தலும் கிழிசலுமாக ஏதோ கிடைத்தது. கந்தலாக இருந்ததால்தான் நம்பினோம்.

பெண் குழந்தைதான். நாலாம் எண் அதன் அம்மா இல்லை. அத்தை, சித்தி, பாட்டி யாருமில்லை. நெருங்கிய ரத்த உறவு எதுவும் இல்லை. குழியில் ரிசல்ட் கிடைத்த மற்றவர்களோடும் அந்தக் குழந்தைக்கு உறவில்லை. நாலாம் எண்ணுக்கு அங்கே ஒரு கிழவர் அப்பாவாக இருந்தார், இன்னொரு பெண் தங்கையாக இருந்தாள். குழந்தைக்கு யாருமில்லை. அதன் ஆட்கள் ரிசல்ட் வராத ஆறு பேரில் இருந்திருக்கலாம், ஓடிப் பிழைத்திருக்கலாம். தெரியாது. அடித்தவர்கள் யார், எதற்கு அடித்தார்கள், அதுவும் தெரியாது. நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: செத்தவர்கள் ஒரே குடும்பம் இல்லை, பல வீட்டுக்காரர்கள், சாகும் நேரத்தில் ஒரு பெண் தனக்குச் சொந்தமில்லாத ஒரு குழந்தையைப் பிடித்திருந்தாள் அல்லது புதைத்தவர்கள் அவளிடம் அதைக் கொடுத்தார்கள். எது என்று சொல்ல எங்களிடம் மிஷின் இல்லை.

ஷர்மிளா போன் செய்த மறுநாள் நான் குறிஞ்சிப்பாடி பஸ் ஏறினேன். அஞ்சலை இப்போதும் அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறாள், பர்மனென்டாக. தலையில் நரை விழுந்திருக்கிறது. கண்ணாடித் தடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், உலர்ந்த துணியால். எலும்பெல்லாம் எப்போதோ கிடங்குக்குப் போய்விட்டன, குழியில் இருப்பவை அச்சில் வார்த்தவை. ஆனாலும் அவள் அந்தப் பக்கம் காலை நீட்டி உட்காருவதில்லையாம். அதிகாரி மாற்றலாகிப் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது.

பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துவிட்டதைச் சொன்னாள், உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அப்படியே, இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னேன். அந்தப் பெண் இந்தக் குழந்தையைப் பெற்றவள் இல்லை. வேறு உறவும் இல்லை. அஞ்சலைக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்துத்தான் அப்போது சொல்லாமல் விட்டேன்.

அவள் குழியைப் பார்த்தாள்.

“அதனால இன்னா சாரு? நான் மட்டும் பெத்தேனா?” என்றாள்.

மோரைக் கீழே வைத்துவிட்டேன்.

கொட்டகை வாசலிலிருந்தே ஷர்மிளாவைப் போனில் கூப்பிட்டேன். தூக்கக்கூடாது என்றேன். ஏழாம் எண்ணின் பல்லிலிருந்து எடுத்த பொடி இன்னும் ஃப்ரீசரில் இருக்கிறது. நாளைக்கு யார் அதை எடுத்தாலும் அதில் இந்த அம்மாவும் இருப்பார், பட்டியலில் இல்லாவிட்டால் மறுபடியும் யாராவது மூவாயிரம் வருஷத்து வாரிசு என்று துள்ளுவார்கள். பெயரையும் இனிமேல் போட்டுக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார் என்றேன்.

“சரி சார். பேரு போட்டாச்சு. ஆனா அடுத்த பெட்டியையும் நிரப்பினாத்தான் சாஃப்ட்வேர் ஏத்துக்குது. இவங்க என்ன பொறுப்புல இருந்தாங்க சார்? விஞ்ஞானி, டெக்னீஷியன், அகழாய்வாளர், பார்வையாளர்னு வருது.”

நான் போனைக் கையால் மூடிக்கொண்டு அஞ்சலையிடம் கேட்டேன். அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“வாய்க்கரிசி போட்டவ, அப்பிடின்னு போட்டுக்கச் சொல்லுங்க.”

சொன்னேன். ஷர்மிளா, “அதுக்குப் பெட்டி இல்ல சார். இருங்க, புதுசா ஒண்ணு போடறேன்” என்றாள். அவள் அடிக்கும் சத்தம் போனில் எழுத்து எழுத்தாகக் கேட்டது.